கரண்ட் போனாலும் தாங்குமா? குளிர்காலம் முழுக்கத் தண்ணீரில் நிற்கும் பவர்போட்டுக்கு எந்த வழி சரி

உறைபனி விழும் ஊர்களில் பவர்போட் வைத்திருப்பவர்கள் இலையுதிர்காலம் முடிவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். போட்டைக் கரையேற்றுவதா, தண்ணீரிலேயே விடுவதா? தண்ணீரில்தான் என்றால், இன்ஜினில் உள்ள தண்ணீரை வடித்து ஆன்டிஃப்ரீஸ் (லேசில் உறையாத திரவம்) நிரப்புவதா, ஹீட்டர் போட்டுச் சூடாக வைத்தே குளிரை ஓட்டிவிடுவதா? அப்புறம் போட்டைச் சுற்றி ஐஸ் பிடிக்காமல் இருக்க தண்ணீரைக் கலக்கிவிடும் டீ-ஐசரா, காற்றுக் குமிழி விடும் பப்ளரா? இவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள். ஆனால் பலர் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார்கள். டீ-ஐசர் ஓடுகிறது, அதனால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. டீ-ஐசர் காப்பது போட்டின் வெளிப்புறத்தை மட்டும்தான். இன்ஜினுக்குள் நிற்கும் தண்ணீரை அது தொடுவதே இல்லை.

எந்த வழியைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: குளிர் உச்சத்தில் இருக்கும் இரவில் கரண்ட் போய், மூன்று நாள் வராவிட்டால் இந்த ஏற்பாடு தாங்குமா? 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் அதுதான் நடந்தது. கடுங்குளிரும் மின்வெட்டும் சேர்ந்தே வந்தன. லட்சக்கணக்கான வீடுகளில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. இரண்டும் சேர்ந்து வருவதில் ஆச்சரியமும் இல்லை. பனிப்புயலில்தான் கம்பிகள் அறுகின்றன, கடுங்குளிரில்தான் எல்லோரும் ஹீட்டரைப் போட்டு மின்சாரத்தை இழுக்கிறார்கள். ஹீட்டர் மிக அவசியமாகத் தேவைப்படும் நேரமும், அது நின்றுபோக அதிக வாய்ப்புள்ள நேரமும் ஒன்றுதான்.

வழிகளை ஒப்பிடும் முன், எது எப்படி உடைகிறது என்று பார்த்துவிடலாம். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். விரிய இடம் இருந்தால் பிரச்சினை இல்லை. இன்ஜின் பிளாக் (இன்ஜினின் முக்கிய உடல்), எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு (புகை வெளியேறும் குழாய்த் தொகுதி), ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கூலன்ட்டின் சூட்டை வெளித்தண்ணீருக்கு மாற்றும் பாகம்) போன்ற அடைபட்ட இடங்களில் உலோகம்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். வார்ப்பிரும்பு வளையாது, வெடிக்கும். கூலிங் தண்ணீரை வடிகட்டும் ஸ்ட்ரெயினரின் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கிண்ணம் இன்னும் சீக்கிரம் போகும். இதில் மோசமானது என்னவென்றால், உடைந்தது அன்றைக்கே தெரியாது. விரிசலுக்குள் ஐஸே அடைப்பாக நின்றுகொண்டிருக்கும். வெயில் வந்து ஐஸ் உருகும் நாளில்தான் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கும். கரையில் நிற்கும் போட்டுக்கு அது பெரிய செலவு. தண்ணீரில் நிற்கும் போட்டில் சீகாக் (போட்டின் உடலில் தண்ணீர் வரும் துளையை மூடும் வால்வு) திறந்தபடி இருந்து ஸ்ட்ரெயினர் உடைந்தால், போட்டே மூழ்கிவிடும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே, தண்ணீரில் விடும் போட்டுக்குக் கரையில் விடும் போட்டைவிடக் கூடுதல் கவனம் கொடுத்தாக வேண்டும்.

‘என் இன்ஜினில் கூலன்ட் இருக்கிறது, எனக்குக் கவலையில்லை’ என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூடிய கூலிங் அமைப்பில் பிளாக்குக்குள் கூலன்ட் ஓடுவது உண்மைதான். ஆனால் அந்தக் கூலன்ட்டைக் குளிரவைக்க ஏரித் தண்ணீரோ கடல் தண்ணீரோ ஒரு பக்கம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? ஸ்ட்ரெயினர், பம்ப், ஆயில் கூலர், ஹீட் எக்ஸ்சேஞ்சரின் ஒரு பக்கம், எக்ஸாஸ்ட்டில் உள்ள மஃப்ளர் என்று வழிநெடுக வெறும் தண்ணீர்தான். அதை வடித்தே ஆக வேண்டும். கூலன்ட் பழசாகி நீர்த்துப்போயிருந்தால் பிளாக்குக்கும் உத்தரவாதம் இல்லை.

சரி, முதல் கேள்வி: கரையேற்றுவதா? இதில் என் பதில் இன்ஜின் வகையைப் பொறுத்தது. ஸ்டெர்ன்டிரைவ் (இன்ஜின் உள்ளேயும், ப்ரொப்பெல்லர் உள்ள டிரைவ் பின்னால் வெளியேயும் இருக்கும் வகை) என்றால் தயங்காமல் கரையேற்றுங்கள். அந்த டிரைவ் போட்டின் பின்சுவரைத் துளைத்து வெளியே போகிறது; துளையைக் காப்பது பெல்லோஸ் எனப்படும் ரப்பர் உறைகள். நீர்மட்டத்தில் பிடித்த ஐஸ் அசையும்போது அந்த ரப்பர் கிழிந்தால், தண்ணீரைத் தடுக்க வேறு எதுவும் இல்லை. டிரைவ் உடம்பு அலுமினியம் என்பதால், மாதக்கணக்கில் தண்ணீரில் கிடந்தால் அரிப்பும் சேர்ந்துகொள்ளும். இன்னொரு சிக்கலும் உண்டு. பல ஸ்டெர்ன்டிரைவ்களில் கூலிங் தண்ணீர் டிரைவ் வழியாகவே உள்ளே வருகிறது. மூடுவதற்கு சீகாக் கிடையாது. போட் தண்ணீரில் இருக்கும்போது அந்த ஹோஸைக் கழற்றினால், அதன் முனை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்வரை தண்ணீர் உள்ளே பாய்ந்துகொண்டே இருக்கும்.

இன்ஜின் முழுவதும் பின்னால் வெளியே தொங்கும் அவுட்போர்டு போட்டுகள் பெரும்பாலும் டிரெய்லரில் ஏறிவிடும் அளவுதான். நேராக நிறுத்தினால் இன்ஜினில் உள்ள தண்ணீர் தானாக வடிந்துவிடும். அவற்றைத் தண்ணீரில் விட நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தண்ணீரில் விடுவதைப் பற்றி உண்மையிலேயே யோசிக்க வேண்டியவர்கள், இன்ஜின் உள்ளே இருந்து ஷாஃப்ட் (நீண்ட தண்டு) வழியாக ப்ரொப்பெல்லரைச் சுற்றும் இன்போர்டு போட்டுக்காரர்கள். குறிப்பாகப் பெரிய போட், கிரேன் வாடகை அதிகம், குளிர் மிதம், ஐஸ் மெல்லியதாகத்தான் பிடிக்கும் என்ற நிலையில் இருப்பவர்கள். இவர்களுக்குத் தண்ணீர் ஒரு சகாயமும் செய்கிறது. உறையாத தண்ணீர் எவ்வளவு குளிர்ந்தாலும் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். கடல் தண்ணீரே சுமார் மைனஸ் 1.9 டிகிரியில்தான் உறைகிறது. காற்று மைனஸ் 10க்குப் போகும் இரவில், கரையில் நிற்கும் போட்டை எல்லாப் பக்கமும் அந்தக் காற்று சூழ்ந்துகொள்ளும். மிதக்கும் போட்டின் அடிவயிறோ தண்ணீரின் சூட்டில் இருக்கும். அதனால் ஓரிரு இரவு வந்துபோகும் குளிரில், மிதக்கும் போட்டின் இன்ஜின் அறை கரையில் இருப்பதைவிடத் தாமதமாகத்தான் உறையும். வாரக்கணக்கில் நீளும் குளிருக்கு இந்தச் சகாயம் போதாது. நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் மானிஃபோல்டு, ஹோஸ், டெக் குழாய்களுக்கு முதல் இரவிலிருந்தே போதாது.

தண்ணீரில் விடுவதென்று முடிவாகிவிட்டால் பெரிய கேள்வி அடுத்தது: வடித்து நிரப்புவதா, ஹீட்டரா?

ஹீட்டர் வழியின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. இன்ஜினைத் தொட வேண்டாம், நல்ல வெயில் நாள் வந்தால் உடனே கிளம்பலாம். இதற்கென்றே செய்த இன்ஜின் அறை ஹீட்டர்கள் இருக்கின்றன. சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் தானே ஓடி, 13 டிகிரி வாக்கில் நின்றுவிடும் மாதிரிகள் உண்டு. பெட்ரோல் இன்ஜின் என்றால், தீப்பொறி வெளியே வராதபடி செய்து, அப்படிச் சான்று பெற்ற ஹீட்டரைத் தவிர வேறு எதையும் இன்ஜின் அறையில் வைக்கவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. போட்டின் உள்ளே அடிமட்டப் பகுதியான பில்ஜில் போய்த் தேங்கும். வீட்டு ஹீட்டரின் தெர்மோஸ்டாட் ஒவ்வொரு முறை ஹீட்டரைப் போட்டு நிறுத்தும்போதும் ஒரு சிறு பொறி வரும். பழைய குண்டு பல்பைத் தொங்கவிடும் பழக்கமும் அதே அபாயம்தான். போட் ஆடும்போது பல்பு எதன்மேலாவது மோதினால் போதும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஆனால் சரியான ஹீட்டராகவே இருந்தாலும் அது கரண்டை நம்பித்தான் இருக்கிறது. போட்டைக் கட்டும் மேடையான டாக்கில் யாரோ தவறுதலாகப் பிளக்கைப் பிடுங்கலாம், பிரேக்கர் விழலாம், உப்புக் காற்றில் அரித்த இணைப்பு சூடாகிக் கருகலாம். ஹீட்டரும் டீ-ஐசரும் பேட்டரி சார்ஜரும் ஒரே வயரில் இரவு பகலாக ஓடினால் அந்த இணைப்புக்கு ஓய்வே இல்லை. தொடர்ந்து ஓடும் சுமையை இணைப்பின் திறனில் 80 சதவீதத்துக்குள் வைப்பது நல்லது. ஹீட்டர் நின்ற செய்தி உங்களுக்கு எட்டும் முன் மானிஃபோல்டுக்கு எட்டிவிடும். வெப்பநிலை குறைந்தால் போனுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் கிடைக்கின்றன. அவை உதவும், ஆனால் செய்தி வந்த ராத்திரி நீங்கள் அங்கே போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருந்தால்தான்.

வடித்து ஆன்டிஃப்ரீஸ் நிரப்புவதில் இந்தக் கவலை இல்லை. ஒரு முறை ஒழுங்காகச் செய்துவிட்டால் கரண்ட் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். ஒழுங்காக என்பதில்தான் விஷயம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் சீகாக்கை மூட வேண்டும். கரையில் இருக்கும்போது இதை மறந்தாலும் பாதகமில்லை. தண்ணீரில் மறந்துவிட்டுக் கூலிங் ஹோஸைக் கழற்றினால் ஏரியே உள்ளே வரும். மூடிய பிறகும், ஸ்ட்ரெயினர் மூடியைக் கொஞ்சமாகத் தளர்த்தி, தண்ணீர் பெருகுகிறதா நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பழைய சீகாக்குகள் கைப்பிடி முழுசாகத் திரும்பினாலும் உள்ளே முழுசாக மூடாமல் கசியும்.

பலர் செய்யும் சுருக்குவழி, இன்ஜினை ஓடவிட்டு ஸ்ட்ரெயினரில் ஆன்டிஃப்ரீஸை ஊற்றி, எக்ஸாஸ்ட்டில் ஆன்டிஃப்ரீஸின் பிங்க் நிறம் வந்ததும் நிறுத்துவது. கூலன்ட் உள்ள மூடிய அமைப்பில் இது பெரும்பாலும் வேலை செய்யும், ஏனென்றால் வெளித்தண்ணீர் ஓடும் பாதை நேர்வழி. வெளித்தண்ணீரே பிளாக்குக்குள் போகும் பெட்ரோல் இன்ஜினில் இதை நம்பவே கூடாது. இன்ஜின் சூடாகி தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வு) திறந்தால்தான் பிளாக்குக்குள் ஓட்டம் இருக்கும். குளிர்ந்த ஆன்டிஃப்ரீஸ் வந்ததும் தெர்மோஸ்டாட் மூடிக்கொள்ளும். பிங்க் திரவம் பிளாக்கைச் சுற்றிக்கொண்டு எக்ஸாஸ்ட் வழியே வெளியே போய்விடும். வெளியே பிங்க் தெரியும், உள்ளே ஏரித் தண்ணீர் அப்படியே இருக்கும்.

அந்த வகை இன்ஜினில் பிளாக்கின் இரு பக்கமும், மானிஃபோல்டுகளிலும் உள்ள வடிகால் பிளக்குகளைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் தண்ணீர் வராவிட்டால் உள்ளே தண்ணீர் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளிருந்து உதிர்ந்த துருவும் மணலும் அந்தத் துளைக்குப் பின்னால் படிந்து அடைத்திருக்கும். ஒரு கம்பியை விட்டுக் கிளறினால், முதலில் செம்பழுப்புச் சேறு சொட்டும், அப்புறம் ஒரே பீச்சாகத் தண்ணீர் அடிக்கும். சொட்டு நின்றதும் மறுபடி கிளறிப் பாருங்கள். இதற்குப் பிறகுதான் பிளக்குகளைப் போட்டு, மேலே உள்ள ஹோஸ்களைக் கழற்றி, பிளாக்குக்கும் மானிஃபோல்டுக்கும் நேரடியாக ஆன்டிஃப்ரீஸ் ஊற்ற வேண்டும். வடித்த பிறகு தண்ணீர் இல்லாமல் இன்ஜினை ஓடவிட்டால் பம்ப்பில் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும்.

எந்த ஆன்டிஃப்ரீஸ்? இந்த வேலைக்கு ப்ரொப்பிலீன் கிளைக்கால்தான். எத்திலீன் கிளைக்கால் விஷம். வசந்தத்தில் முதல் முறை இன்ஜின் போடும்போது அத்தனையும் நேராக ஏரிக்குள் போகும். எத்தனால் கலந்த மலிவு வகைகள் தீப்பிடிக்கக்கூடியவை, ரப்பருக்கும் ஆகாதவை. பாட்டிலில் பெரிதாக அச்சிட்ட ‘மைனஸ் 50’ என்ற எண்ணையும் நிதானமாகப் படிக்க வேண்டும். அது பெரும்பாலும் ஃபாரன்ஹீட். அதுவும் குழாய் வெடிக்காமல் காக்கும் அளவு. அந்தத் திரவம் அதற்கு வெகு முன்பே கூழாகத் தொடங்கிவிடும். மிச்சத் தண்ணீர் கலந்தால் பாதுகாப்பு மேலும் குறையும். அதனால் வெளியே வருவதை ஒரு கப்பில் பிடித்து, ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒரு திரவம் எந்த அளவுக்கு உறைபனியைத் தாங்கும் என்று காட்டும் சிறு கருவி) ப்ரொப்பிலீன் அளவுகோலில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். நிறம் எப்படியிருந்தாலும் அந்த எண்தான் உண்மை சொல்லும்.

குடிதண்ணீர்க் குழாய், வாட்டர் ஹீட்டர், டாய்லெட், ஷவர் தொட்டி, ஏசி இருந்தால் அதன் கூலிங் பாதை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வாட்டர் ஹீட்டரை வடித்துவிட்டு, அதற்குள் போகாமல் சுற்றிப் போகும்படி பைபாஸ் போட்டால், அதை நிரப்ப வீணாகும் ஆன்டிஃப்ரீஸ் மிச்சம்.

ஆக என் தீர்ப்பு: வடித்து நிரப்புவது கட்டாயம், ஹீட்டர் அதன்மேல் ஒரு கூடுதல் காப்பு. ஈரமும் பூஞ்சையும் அண்டாமல் இருக்க ஹீட்டர் நல்லதுதான். ஆனால் வடிப்பதற்குப் பதிலாக அதை வைக்காதீர்கள். ஒரே ஒரு விலக்கு கொடுப்பேன். போட்டிலேயே குடியிருப்பவர்கள், அல்லது தினமும் போட்டுக்குப் போய்வருபவர்கள், குளிரும் மிதமான இடத்தில் இருந்தால் ஹீட்டரை நம்பலாம். அவர்களும் ஆன்டிஃப்ரீஸை வாங்கித் தயாராகவே வைத்திருக்க வேண்டும். இன்னொன்று, குளிர் அரிதாக வரும் ஊர்க்காரர்களுக்குத்தான் இந்த அறிவுரை அதிகம் தேவை. கடுங்குளிர் ஊர்களில் எல்லோரும் வழக்கமாக வடித்துவிடுகிறார்கள். ‘இங்கே எப்போதாவதுதான் உறையும்’ என்று இருப்பவர்களிடம்தான் ஒரு ராத்திரிக் குளிர் பிளாக்கைப் பிளந்துவிட்டுப் போகிறது. காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். உறைந்து உடைந்ததற்குப் பணம் தராத பாலிசிகள் பல உண்டு.

இனி போட்டுக்கு வெளியே. ஐஸ் ஃபைபர்கிளாஸ் போட்டை ஒரேயடியாக நசுக்கிவிடும் என்ற பயம் பெரும்பாலும் மிகை. தொல்லை தருவது அலையிலும் நீரோட்டத்திலும் அசையும் மெல்லிய ஐஸ் தகடு. அது நீர்மட்டத்தில் ரம்பம்போல் அறுத்து போட்டின் வெளிப்பூச்சான ஜெல்கோட்டைத் தின்னும். மர போட் என்றால் பலகை இடுக்குகளில் அடைத்ததையே பிடுங்கிவிடும். மர போட்டை ஐஸில் விடவே கூடாது.

டீ-ஐசர் என்பது தண்ணீருக்குள் தொங்கும் மோட்டாரும் ப்ரொப்பெல்லரும். பப்ளர் என்பது அடியில் கிடக்கும் துளையிட்ட ஹோஸில் கம்ப்ரெசர் காற்றை விடுவது. இரண்டும் ஒரே தத்துவத்தில் வேலை செய்கின்றன. நன்னீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தி. அதனால் ஏரியின் அடியில் மேற்பரப்பைவிடச் சூடான தண்ணீர் தங்கியிருக்கும். அதை மேலே கொண்டுவந்தால் ஐஸ் பிடிக்காது. ஆழமான நன்னீர் ஏரியில் இரண்டுமே அருமையாக வேலை செய்யும். ஆழமில்லாத இடத்தில் மேலே கொண்டுவர அடியில் சூடே இருக்காது. கடலில் கணக்கே வேறு: உப்பு லிட்டருக்குச் சுமார் 25 கிராமைத் தாண்டினால், தண்ணீர் உறையும் புள்ளிவரை அடர்த்தியாகிக்கொண்டே போகும். அடியில் 4 டிகிரித் தண்ணீர் காத்திருக்கும் என்ற கணக்கு அங்கே செல்லாது. தண்ணீரை அசைத்துக்கொண்டே இருப்பதால் கிடைக்கும் பலன்தான் பெரும்பாலும் மிச்சம். நல்லவேளையாக ஓட்டமுள்ள கடல் தண்ணீர் லேசில் உறைவதும் இல்லை.

இரண்டில் எது? ஒரு போட், ஒரு இடம், ஆழம் உண்டு என்றால் டீ-ஐசர். நீளமான டாக்கில் பல போட்டுகள் சேர்ந்து நின்றால் பப்ளர். கம்ப்ரெசர் கரையில் இருப்பதால் தண்ணீருக்குள் மின்சாரமும் இல்லை. டீ-ஐசரின் மின்செலவையும் யோசியுங்கள். அரைக் குதிரைத்திறன் என்றாலே 373 வாட். இழப்பையும் சேர்த்தால், இடைவிடாமல் ஓடினால் நாளுக்குச் சுமார் 12 யூனிட் வரும். காற்றின் வெப்பநிலையைப் பார்த்து ஓடும் தெர்மோஸ்டாட் இருந்தால் இதில் பெரும்பகுதி மிச்சம். ஓடும் இடத்தில் மெல்லிய ஐஸ் இருக்கிறது என்று எச்சரிக்கைப் பலகை வைப்பதை விட்டுவிடாதீர்கள். அக்கம்பக்கத்தில் ஐஸ்மேல் நடப்பவர்கள் இருப்பார்கள்.

டாக் மின்சாரத்தில் மாதக்கணக்கில் செருகியிருக்கும் போட்டுக்கு கால்வானிக் ஐசொலேட்டர் (இந்த அரிப்பு மின்னோட்டத்தைத் தடுக்கும் கருவி) இல்லையென்றால், பக்கத்து போட்டுகளின் உலோகத்துக்கும் உங்கள் ப்ரொப்பெல்லருக்கும் இடையே மின்னோட்டம் ஓடி அனோடு (மற்ற உலோகத்தைக் காக்கத் தான் அரிந்துபோகும் உலோகத் துண்டு) சீக்கிரம் கரையும். நன்னீரில் மெக்னீசியம், கடலில் துத்தநாகம் அல்லது அலுமினியம் என்று தண்ணீருக்கு ஏற்ற அனோடு இருக்க வேண்டும்.

உறைவதைவிட அதிகம் கவனிக்கப்படாத ஆபத்து பனியின் எடை. போட்டின் பின்பக்கத்தில் உள்ள ஆறு சதுர மீட்டர் காக்பிட்டில் (திறந்த தளத்தில்) ஒரு அடி ஈரப்பனி விழுந்தால் 500 கிலோவுக்கு மேல் ஆகும். அந்தப் பாரத்தில் பின்பக்கம் அமிழும். வழக்கமாக நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் காக்பிட் வடிகால் துளை தண்ணீருக்குள் போகும். அந்த ஹோஸில் ஒரு கிளிப் தளர்ந்திருந்தால் போதும். அதனால் சரிவாக நிற்கும் நல்ல கவர் போடுவது டீ-ஐசரைவிட முக்கியம் என்பேன். ஷ்ரிங்க் ராப் (சூட்டில் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் உறை) போட்டால் காற்றுத் துளைகள் வைக்கச் சொல்லுங்கள். வடிகாலைத் தவிர மற்ற சீகாக்குகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும்.

பில்ஜ் பம்ப்புக்குப் பேட்டரி உயிர். முழு சார்ஜில் உள்ள லெட்-ஆசிட் பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. சார்ஜ் இறங்கியது பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்து வெடிக்கும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். பில்ஜில் தேங்கிய தண்ணீரைத் துடைத்துக் காயவைத்து, கொஞ்சம் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றிவைத்தால் தண்ணீர் ஏறினால் பம்ப்பைத் தானே போடும் ஃப்ளோட் சுவிட்ச் ஐஸில் மாட்டாது.

இத்தனைக்குப் பிறகும் வாரத்துக்கு ஒருமுறையாவது யாராவது போய்ப் பார்க்க முடியாது என்றால், ஷாஃப்ட் போட்டானாலும் கரையேற்றுங்கள். போகிறவர் கயிறு தேய்கிறதா, பனி எவ்வளவு, வடிகால் துளை நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, பில்ஜில் புதுத் தண்ணீர் உண்டா என்று பார்த்தால் போதும். ஐஸ் உருகத் தொடங்கும் முதல் வாரத்தில் அந்தப் பார்வை இரண்டு நாளைக்கு ஒருமுறையாக ஆகட்டும். வசந்தத்தில் சீகாக்குகளை ஒவ்வொன்றாக, பாதியளவே திறந்து, ஸ்ட்ரெயினரையும் ஹோஸ் முனைகளையும் டார்ச் அடித்துச் சில நிமிடம் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.